பேலன்ஸ் ஷீட் சண்டையில் பிறந்த கார்

கார் வாங்கும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு இரட்டை ஆசை உண்டு. மனைவி, குழந்தைகள், ஊருக்குப் போகும் பெட்டி எல்லாம் உள்ளே அடங்க வேண்டும். தனியாக ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் பறக்கவும் வேண்டும்! இன்று ஷோரூமுக்குப் போனால் இந்த ஆசைக்குத் தீனி போட ஏகப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. 1960 வாக்கில் மேற்கு ஜெர்மனியில் அப்படி இல்லை. வேகமான கார் என்றால் பெரிய பணக்காரருக்கு, குடும்பக் கார் என்றால் நிதானமாக ஓடுவது என்றுதான் பெரும்பாலும் பிரிந்து கிடந்தது.

அந்தப் பிரிவினையை உடைத்த கார்களில் முக்கியமானது 1961-ல் காட்டப்பட்டு 1962-ல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ 1500. கார் பைத்தியங்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அந்தக் கார் பிறந்ததற்குக் காரணம் ஒரு என்ஜினியரின் கனவு மட்டும் அல்ல, ஒரு கணக்குத் தகராறும்தான் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். அக்கவுண்டன்சி வகுப்பில் தூங்குபவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

கதை 1950-களில் தொடங்குகிறது. போரில் தோற்ற ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூவின் கார் தொழிற்சாலை இருந்த ஐசனாக் நகரம் சோவியத் பகுதிக்குப் போய்விட்டது. மியூனிக் தொழிற்சாலையின் இயந்திரங்களை வெற்றி பெற்ற நாடுகள் கழற்றிக்கொண்டு போய்விட்டன. விமான என்ஜின் செய்த கம்பெனி, பானையும் சட்டியும் செய்து பிழைத்தது. 1948-ல் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. கார் என்று மறுபடியும் விற்க வந்தது 1952-ல்தான்.

அங்கேதான் முதல் தப்பு. நாடே ஏழையாக இருந்த நேரத்தில் பி.எம்.டபிள்யூ கொண்டு வந்தது 501 என்ற பெரிய சொகுசுக் கார். விலை 15,000 மார்க்குக்கும் மேல், அதாவது ஒரு சராசரி ஜெர்மானியரின் ஏறக்குறைய நான்கு வருடச் சம்பளம். அப்புறம் அதில் வி8 என்ஜின் வைத்தார்கள். பிறகு 507 என்று அழகு சொட்டும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். (எல்விஸ் பிரெஸ்லி ராணுவ வேலையாக ஜெர்மனியில் இருந்தபோது வைத்திருந்தது அந்த 507-தான்.) மொத்தம் சுமார் 250 கார்கள்தான் செய்தார்கள், அதிலும் விற்ற ஒவ்வொன்றுக்கும் கம்பெனி கையிலிருந்து போட்டது.

மறு கோடியில் இசெட்டா. இத்தாலியில் இருந்து உரிமம் வாங்கி 1955-ல் இருந்து செய்த முட்டை வடிவ வண்டி. கதவு முன்பக்கம்! ஃபிரிட்ஜைத் திறப்பது போல மூஞ்சியையே திறந்து உள்ளே ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள் என்ஜின், இரண்டு பேர் உட்காரலாம். இது நன்றாகத்தான் விற்றது, மொத்தத்தில் 1,60,000-க்கும் மேல். ஆனால் ஒரு வண்டிக்கு நிற்கும் லாபம் மிகக் குறைவு. இதற்கிடையில் ஜெர்மானியர்கள் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் காருக்கு மாறினார்கள். 1954-ல் சுமார் 30,000 மோட்டார் சைக்கிள் விற்ற கம்பெனி 1957-ல் 6,000 கூட விற்கவில்லை.

மந்திரிக்கு ஒரு கார், மழைக்கு ஒதுங்க ஒரு கார். நடுவில் ஒன்றுமே இல்லை. டாக்டர், வக்கீல், கடை முதலாளி, இஞ்சினியர் என்று புதிதாக வசதி வந்த ஒரு பெரிய கூட்டம் கார் தேடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு விற்க பி.எம்.டபிள்யூவிடம் எதுவும் கிடையாது. நடுத்தரக் கார் ஒன்று வேண்டும் என்பது கம்பெனிக்குள் எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்யப் பணம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இப்படியாக 1959 டிசம்பர் 9, புதன்கிழமை வந்தது. மியூனிக்கில் பங்குதாரர் பொதுக்கூட்டம்.

நிர்வாகம் வைத்த திட்டம் எளிமையானது, கொடூரமானதும்கூட. கம்பெனியின் பங்கு மூலதனம் 3 கோடி மார்க். அதை முதலில் பாதியாக, 1.5 கோடியாக, வெட்டுவது. பிறகு 7 கோடி மார்க்குக்குப் புதுப் பங்கு வெளியிடுவது. அந்தப் புதுப் பங்கு முழுவதும் டெய்ம்லர்-பென்ஸுக்கு, அதாவது மெர்சிடிஸ் கம்பெனிக்கு. பழைய பங்குதாரர்களுக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமை கிடையாது.

பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த மூலதனம் 8.5 கோடி ஆகும். அதில் டெய்ம்லரிடம் 7 கோடி, அதாவது 82 சதவீதம். கம்பெனியில் 1 சதவீதம் வைத்திருந்த ஒருவர், ஒரு பங்கைக்கூட விற்காமலேயே, 0.18 சதவீதத்துக்கு இறங்கிவிடுவார். புத்தகத்தில் 'டைல்யூஷன்' என்று ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோமே, அதன் நிஜ முகம் இதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஃபைத், பி.எம்.டபிள்யூ மேற்பார்வைக் குழுவின் தலைவர். அவரே டாய்ச்ச வங்கியின் இயக்குநர்களில் ஒருவர். டாய்ச்ச வங்கியோ டெய்ம்லர்-பென்ஸின் பெரிய பங்குதாரர். பெண் வீட்டுக்காரரும் அவரே, மாப்பிள்ளை வீட்டுக்காரரும் அவரே! அதோடு ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை வங்கியில் பாதுகாப்பாக வைத்திருப்பார்கள், அவற்றுக்கான ஓட்டை வங்கியே போட்டுவிடும். ஆகவே கூட்டம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்தது போலத்தான்.

ஆனால் அரங்கில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சின்னப் பங்குதாரர்கள் கொதித்தார்கள். பி.எம்.டபிள்யூ டீலர்கள் எதிர்த்தார்கள், ஏனென்றால் மெர்சிடிஸ் கைக்குப் போன பிறகு தங்கள் கடைக்கு என்ன வேலை? தொழிலாளர்களுக்கும் அதே பயம். சொந்தமாகக் கார் செய்யும் தொழிற்சாலை இன்னொருவருக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையாகிவிடும் என்று நினைத்தார்கள். டார்ம்ஸ்டாட்டைச் சேர்ந்த எரிஷ் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரி மேடை ஏறி நிர்வாகத்தைக் கிழித்தார். பல கம்பெனிக் கூட்டங்களில் இப்படிப் போய்ச் சண்டை போடுவதில் பெயர் வாங்கியவர் அவர்.

கோபத்தால் மட்டும் கூட்டத்தை நிறுத்த முடியாது. நிறுத்தியவர் ஃப்ரீட்ரிஷ் மாதெர்ன் என்ற ஃபிராங்ஃபர்ட் வக்கீல். டீலர்களுக்கும் சின்னப் பங்குதாரர்களுக்கும் சேர்த்து வாதாட வந்தவர். அவர் கையில் எடுத்தது பேலன்ஸ் ஷீட்டை.

அந்த வருடம்தான் கம்பெனி 700 என்ற சின்னக் காரைக் கொண்டு வந்திருந்தது. பின்பக்கம் இரண்டு சிலிண்டர் என்ஜின், இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த லட்சணமான உடல். செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியதும் ஆர்டர்கள் குவிந்தன. (பின்னால் மொத்தம் 1,88,000 விற்றது.) பல வருடம் ஓடப்போகும் இந்தக் காரை உருவாக்க ஆன செலவை நிர்வாகம் ஒரே வருடக் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தது. நஷ்டம் பூதாகரமாகத் தெரிந்ததற்கு அது ஒரு காரணம்.

நிர்வாகம் மோசடி செய்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். செலவை உடனுக்குடன் எழுதிவிடுவது அன்றைய ஜாக்கிரதையான ஜெர்மன் கணக்கு முறைக்குப் புதிது அல்ல. ஆனால் அந்த 'ஜாக்கிரதை' எந்த நேரத்தில், யாருக்குச் சாதகமாக வந்தது என்பதுதான் கேள்வி. கம்பெனி செத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற அதே கணக்கு, அதை மலிவாக வாங்க வருபவருக்கும் உதவுகிறது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் படம் தப்பாக இருக்கலாம்.

மாதெர்ன் சட்டத்தில் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டினார். பேலன்ஸ் ஷீட்டில் ஆட்சேபம் இருந்தால், மூலதனத்தில் 10 சதவீதம் வைத்திருப்பவர்கள் கேட்டாலே கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பெரும்பான்மை தேவை இல்லை, வெறும் 10 சதவீதம்! அது கிடைத்தது. மணிக்கணக்கில் நீண்ட கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. டெய்ம்லரின் சலுகைக்குக் கெடு அன்றோடு முடிவதாக இருந்தது. ஆகவே 'தள்ளிவைப்பு' என்றால் நடைமுறையில் 'நிராகரிப்பு'. சரியான கிளைமாக்ஸ்தான்.

ஆனால் டெய்ம்லர் போய்விட்டால் பணம் வந்துவிடுமா? கார் செய்ய முதல் வேண்டுமே. கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய பங்குதாரர் ஹெர்பர்ட் குவாண்ட். வயது 49. சின்ன வயதிலேயே பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டதால் அறிக்கைகளை மற்றவர்கள் படிக்கக் கேட்டே தொழில் நடத்தியவர். டெய்ம்லரிலும் அவர் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. அதனால் அந்த இணைப்பு நடந்திருந்தால்கூட அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சின்னப் பங்குதாரர்களும் தொழிலாளர்களும் காட்டிய பிடிவாதம் அவரை யோசிக்க வைத்தது என்பார்கள். தொழிலாளர் குழுத் தலைவர் குர்ட் கோல்டாவும் கம்பெனி தனியாகவே நிற்க வேண்டும் என்று அவரிடம் வற்புறுத்தியவர். வங்கியாளர்களின் புத்திமதியை மீறி குவாண்ட் தன் பணத்தை பி.எம்.டபிள்யூவில் இறக்கினார். 1960 கடைசியில் வந்த புதுத் திட்டத்தில் பழைய பங்குதாரர்களுக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமை தரப்பட்டது. முந்தைய வருடம் மறுக்கப்பட்ட அதே உரிமை.

குவாண்டை உத்தமராக்கி விடவும் கூடாது. அந்தக் குடும்பத்தின் தொழிற்சாலைகள் நாஜி காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வேலை வாங்கியவை. 2007-ல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இதைக் கிளறிய பிறகு குடும்பமே ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் ஆய்வை ஒப்படைத்தது, 2011-ல் வந்த அந்த ஆய்வு இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. பி.எம்.டபிள்யூவின் அல்லாக் விமான என்ஜின் தொழிற்சாலையிலும் டாஹாவ் வதைமுகாம் கைதிகள் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். 1960-ல் இதையெல்லாம் யாரும் பேசவில்லை.

சரி, காருக்கு வருவோம்.

பணம் கிடைத்ததும் அந்த நடுத்தரக் காருக்கு உயிர் வந்தது. என்ஜின் பொறுப்பு அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசனுக்கு. போருக்கு முன் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர், போருக்குப் பின் சொந்தமாகப் பந்தயக் கார் கட்டியவர். அவரிடம் கேட்கப்பட்டது 1.3 லிட்டர் என்ஜின். குறைந்தது 1.5 லிட்டராவது வேண்டும், பின்னால் 2 லிட்டர் வரை பெரிதாக்க இடமும் வேண்டும் என்று அவர் அடம்பிடித்து ஜெயித்தார். காசே இல்லாத கம்பெனியில் நாளைக்காக இரும்பை அதிகமாகப் போடுவது சாதாரண விஷயமா! வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் தலைமையில் உடல் வடிவம் உருவானது. பின் ஜன்னல் தூண் கீழே வரும்போது முன்பக்கமாக ஒரு வளைவு வளையும். இன்றைக்கும் பி.எம்.டபிள்யூ கார்களில் காணப்படும் அந்த வளைவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

1961 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் காட்டினார்கள். இந்தக் கார் வரிசைக்கு வைத்த பெயர் 'புது வகுப்பு'. அதே வருடம் பிரேமன் நகரில் போர்க்வார்ட் கம்பெனி திவாலானது. அவர்களுடைய இசபெல்லா, வேகமும் கௌரவமும் சேர்ந்த நடுத்தரக் கார் என்று பெயர் எடுத்தது. அது மறைந்ததும் அந்தக் கார் வாங்கியிருக்க வேண்டிய ஆட்கள் அப்படியே 'அனாதையாக' நின்றார்கள். ஒருவர் வீட்டில் இழவு, இன்னொருவர் வீட்டில் வரவு. வியாபாரத்தில் இதுவும் உண்டு.

காட்டினார்களே தவிர, காரைக் கையில் கொடுக்க 1962 இலையுதிர்காலம் ஆகிவிட்டது. முதலில் சொன்ன விலை 8,500 மார்க். கைக்கு வரும்போது 9,485. அதையும் கொடுத்து வாங்கியவருக்கு என்ன கிடைத்தது?

நான்கு கதவு. ஐந்து பேர் உட்காரலாம். ஜன்னல்கள் பெரியவை, தூண்கள் மெலிந்தவை, அதனால் உள்ளே வெளிச்சம். 1,499 சி.சி. என்ஜினில் 80 குதிரைசக்தி. அன்றைய மெர்சிடிஸ் 190-ம் அதே 80 குதிரைசக்திதான், ஆனால் அதற்கு 1.9 லிட்டர் என்ஜின் தேவைப்பட்டது. ஊரெல்லாம் ஓடிய வோக்ஸ்வேகன் பீட்டிலுக்கோ 34. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 1500-க்கு சுமார் 15 வினாடி, உச்சவேகம் 150-ஐ ஒட்டி. இன்றைக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கே இதைவிடச் சீக்கிரம் போய்விடும். அன்றைக்கு, பின்சீட்டில் பிள்ளைகளோடு போகிற ஒரு காருக்கு, இது பெரிய வேகம்.

வேகத்தைவிட முக்கியம், வளைவில் கார் நடந்துகொண்ட விதம். அக்காலக் குடும்பக் கார்களில் பெரும்பாலும் பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் பிணைந்திருக்கும். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆடும். 1500-ல் பின்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கின. முன்னால் டிஸ்க் பிரேக். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் படும் பாடு மறு சக்கரத்துக்குப் போகாது. ஓட்டுபவருக்குத் தைரியம் வந்தது, பின்னால் இருப்பவர்களுக்கு வயிறு குமட்டவில்லை.

ஆனால் முதல் வருடத்தில் வாங்கியவர்கள் பாவம். அவசரமாகக் கொண்டுவந்த கார் அல்லவா? பெருமைக்குரிய அந்தப் பின்சக்கர அமைப்பே சில கார்களில் உடலோடு இணையும் இடத்தில் பிய்த்துக்கொண்டு வந்தது. பின் ஆக்சில் உடைந்தது. கியர்பாக்ஸ் தகராறு செய்தது. கம்பெனி செய்திருக்க வேண்டிய சோதனையை, காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு செய்த கார்களில் இந்தக் குறைகளைச் சரிசெய்தார்கள். 1500 மொத்தம் 23,807 செய்யப்பட்டு 1964-ல் நின்றது. பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் கம்பெனி மூச்சு விட ஆரம்பித்திருந்தது. 1963-ம் ஆண்டுக்குப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுத்தார்கள், போருக்குப் பின் முதல் முறையாக. அன்று அரங்கில் கத்திய சின்னப் பங்குதாரர்கள் அதை எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

ஃபால்கன்ஹவுசன் விட்டு வைத்திருந்த இடம் இப்போது பயன்பட்டது. 1963-ல் 1800 வந்தது, 90 குதிரைசக்தி. அதன் டி.ஐ. வடிவத்தில் 110. பந்தயத்துக்கென்றே 200 கார்கள் மட்டும் செய்த ஒரு வடிவத்தில் 130. 1966-ல் 2000. எல்லாம் அதே அடிப்படை என்ஜின், அதே நான்கு கதவு. 1964-ல் ஹூபர்ட் ஹானே என்ற ஓட்டுநர் 1800 டி.ஐ.யில் ஜெர்மன் டூரிங் கார் சாம்பியன் ஆனார். 1965-லும் 1966-லும் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயம் இவர்களுக்கே. 1966-லேயே ஹானே, 22 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள நியூர்பர்க்ரிங் சுற்றைப் பத்து நிமிடத்துக்குள் முடித்தார். டூரிங் காரில் அதுவரை யாரும் செய்யாதது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிற கார் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஜெயிக்கிறது என்றால் அதைவிட விளம்பரம் என்ன வேண்டும்?

'புது வகுப்பு' கார்கள் 1972 வரை வந்தன. அவற்றின் இடத்தைப் பிடித்ததுதான் 5 சீரிஸ். 2025-ல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த புதிய மின்சாரக் கார் வரிசைக்கும் அதே பழைய பெயரையே மறுபடி வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு அருகில் இன்னமும் ஹெர்பர்ட் குவாண்டின் பிள்ளைகள் இருவர் கையில்.

அந்த என்ஜினுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. ஃபால்கன்ஹவுசனிடம் வேலை பழகிய பால் ரோஷே, அதே நான்கு சிலிண்டர் பிளாக்கை அடிப்படையாக வைத்து டர்போ பொருத்தி ஃபார்முலா 1-க்குத் தயார் செய்தார். 1983-ல் நெல்சன் பிகே பிரபாம் காரில் அதை ஓட்டி உலக சாம்பியன் ஆனார். குவாண்ட் அதைக் கேட்க இல்லை, 1982-லேயே இறந்துவிட்டார். ஃபால்கன்ஹவுசன் இருந்தார். என்ஜின் அளவு 1,499 சி.சி., முதன்முதலில் அந்தக் குடும்பக் காரில் வைத்த அதே அளவு.